உலைக்கு மேலே பறந்தவர்கள்

(செர்னோபில் நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1986 ஏப்ரல் 26-ந் தேதி, நள்ளிரவு கடந்து 1 மணி 23 நிமிஷம். அன்றைய சோவியத் யூனியனில், உக்ரேனிலுள்ள செர்னோபில் அணு மின்சார நிலையத்தின் 4-வது உலை வெடித்தது. கூரை பறந்தது. உள்ளே தீ மூண்டது. எழுந்த புகையில் கதிரியக்க விஷம் கலந்து காற்றோடு பரவிற்று.

மில்லில் பஞ்சுத் தூசி பறந்தால் கண்ணுக்குத் தெரியும், தொண்டை கமறும். இந்த விஷத்துக்கோ நிறமில்லை, வாடையில்லை. உடம்பில் புகுந்து ரத்தத்தையே கெடுக்கும். தரை வழியாக அந்த உலையை நெருங்க முடியாது. ஆகவே ஆகாயத்திலிருந்து அதை மூட முடிவாயிற்று.

ஏப்ரல் 27-ல் ராணுவ ஹெலிகாப்டர்கள் வேலையைத் தொடங்கின. ஜெனரல் அன்தோஷ்கின் அவற்றுக்குத் தலைமை தாங்கினார். சுமார் 200 மீட்டர் உயரத்தில் உலைக்கு நேர் மேலே வருவார்கள். திறந்த கதவு வழியே கீழே பார்த்து, மணல் மூட்டைகளைக் கையாலேயே தள்ளுவார்கள். கீழேயிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்க ஹெலிகாப்டர் தளத்தில் ஈயத் தகடு விரித்தார்கள். பிறகு பாரசூட் துணியில் சுமைகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

போரான், அணுப் பிளவு மீண்டும் தொடராமல் தடுக்க. மணலும் களிமண்ணும், தீயை அமுக்க, விஷத் தூசியைப் பிடித்துவைக்க. ஈயம், சூட்டை உறிஞ்ச. சுமார் 1,800 தடவை பறந்து ஏறத்தாழ 5,000 டன் கொட்டினார்கள். பின்னர் சுற்று வட்டாரமெங்கும் பசைபோன்ற திரவத்தைத் தெளித்துத் தூசியை அடக்கினார்கள்.

அக்டோபர் 2-ந் தேதி ஒரு ஹெலிகாப்டரின் விசிறி, கிரேனின் கம்பி வடத்தில் மோதியது. உலைக்கட்டிடத்தின் பக்கத்திலேயே அது விழுந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அங்கே பறந்த விமானி அனடோலி கிரிஷ்செங்கோ ரத்தப் புற்றுநோயால் 1990-ல் உயிர் நீத்தார்.

கொட்டியதில் பெரும் பகுதி உலையின் மையத்தில் விழவேயில்லை என்று பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் கூறின. அதனால் அந்த விமானிகளின் வீரம் குறைந்துவிடுமா? குறையாது.

ஆனால் தோழர்களே, வீரத்தைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? இது சோஷலிஸ்ட் நாடொன்றில் நடந்தது. ஆகவே நாம்தான் இதை முதலில் பேசவேண்டும். பக்கத்து நகரமான பிரிபியாத் ஜனங்களை ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்தே வெளியேற்றினார்கள். ஸ்வீடனில் கதிர்வீச்சு தெரிந்து கேள்வி எழுந்த பிறகுதான், 28-ந் தேதி மாலை, சர்க்கார் செய்தி வெளியிட்டது. உலையை அடக்கும் தண்டுகளிலேயே கோளாறு இருந்தது. 1983-லேயே நிபுணர்கள் அதை அறிந்திருந்தார்கள். இயக்கிய தொழிலாளிக்குத்தான் சொல்லவில்லை! விபத்துக்குப் பின் பழியும் முதலில் அவன் தலையில்தான் விழுந்தது. 1992-ல் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, அமைப்பிலிருந்த கோளாறே முக்கிய காரணம் என்று திருத்திக் கூறியது.

எதிரி ஊதிப் பெரிதாக்குவானே என்று உண்மையை மறைத்தால் பலியாவது யார்? நம்மைப்போன்ற உழைப்பாளிதான். தியாகம் வேறு, அந்தத் தியாகத்தைத் தேவையாக்கிய தவறு வேறு. முன்னதை வணங்குவோம். பின்னதை மூடிமறைக்க மாட்டோம். பாய்லர் முன் நிற்பவனாகட்டும், வயலில் மருந்து தெளிப்பவனாகட்டும், தன் வேலையின் ஆபத்தை முழுவதும் அறிவது அவன் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடமை.

செர்னோபில் தியாகிகளுக்கு நமது செவ்வணக்கம்!