அடுக்களையில் ஒரு மறைபொருள்



விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் ‘பாட்டி’ என்னும் சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், அவ்விளைஞனின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடம் நிலைத்திருந்ததாகப் பவுலடியார் குறிக்கிறார். அவன் தந்தையோ கிரேக்கர். லோவிசாள் பேசியதாக ஒரு சொல்லேனும் விவிலியத்தில் இல்லை. எனினும் அவள் விசுவாசம் மகளிடத்தும் பேரனிடத்தும் சென்று சேர்ந்தது. எவ்வாறு?

இயேசுபெருமானின் உவமைகள் இதற்கு அடுக்களையிலேயே விடை வைத்துள்ளன. ஒரு பெண் மூன்றுபடி மாவிலே சிறிது புளிப்பை அடக்கிவைத்தாள். மாவு முழுவதும் புளித்தது. நாள்தோறும் இட்டிலிக்கு மாவரைத்த நம்மூர்ப் பாட்டிக்கு இவ்வுவமையை விளக்க உரையாசிரியர் வேண்டா. கரைத்து மூடியபின் செய்யத்தக்கது காத்திருத்தல் ஒன்றே. அடிக்கடி திறந்து பார்ப்பதனால் மாவு விரைந்து பொங்கிவிடாது.

குடும்பச் செபத்திற்கு அமர மறுக்கும் பேரனைக் கண்டு அவள் நெஞ்சம் வாடத்தான் செய்யும். கடிந்துரைத்தால் உடல் அமரும், உள்ளம் அமராது. ஆதலின் அவனுக்குச் சோறு எடுத்துவைக்கிறாள். அவன் பெயரைச் சொல்லி மன்றாடுகிறாள். காணாமற்போன ஒரு வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் உவமையும் அவளுக்குத் துணையாகிறது. அக்காசு தொலைந்தது தெருவில் அன்று, வீட்டினுள்ளேதான். தேடியவள் காசைக் கடிந்துகொள்ளவில்லை.

மாவும் விளக்கும் துடைப்பமும் இறையரசைச் சொல்லப் போதுமாயின. உவமை தேடி வானத்தைத் துழாவும் பாவலர், ஒருமுறை பாட்டியின் அடுக்களைக்குள்ளும் நோக்குதல் நன்று.