கேள்வி கேட்டால் கோபப்படுகிறவர் வழிகாட்டி அல்ல

(இளைஞர் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் எழுந்து போனைக் கையில் எடுத்தால் முதலில் வருவது என்ன? ஒரு குட்மார்னிங், கூடவே ஒரு தத்துவம். கீழே ஒரு பெரிய மனிதரின் படம். அதை அவர் எங்கே சொன்னார், எப்போது சொன்னார்? யாருக்கும் தெரியாது. அப்துல் கலாம் சொன்னதா வர்ற அத்தனையையும் அவரே சொல்லியிருந்தா, அவருக்கு ராக்கெட் விட நேரமே இருந்திருக்காது!

சிரிக்கிறீங்க. ஆனா விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. வேலை கிடைக்காத தம்பி, கடனில் தவிக்கிற அண்ணன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத அக்கா, இவங்கதான் நாலு நல்ல வார்த்தை தேடிப் போறாங்க. ஏமாத்துறவனும் இவங்களைத் தேடித்தான் வர்றான். அதனால், யார் உண்மையான வழிகாட்டி, யார் வேஷக்காரர் என்று பிரித்துப் பார்ப்பது நம்ம அரசியல் வேலைதான்.

எப்படிப் பிரிப்பது? உடையை வைத்து முடியாது. பேச்சை வைத்தும் முடியாது. நல்லா பேசுறது பழகினால் வருகிற தொழில். கூட்டத்தை வைத்தும் முடியாது. அது எங்களுக்கே தெரியும்!

நான் ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். அவரிடம் எதிர்த்து ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

2024-ல் சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அரசுப் பள்ளியில் தன்னம்பிக்கை ஊட்ட வந்த ஒரு பேச்சாளர், முற்பிறவிப் பாவத்தால்தான் சிலர் கை, கால், கண் குறையோடு பிறக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியர் எழுந்து மறுத்துக் கேட்டார். அவர் பார்வை மாற்றுத்திறனாளி. உண்மையான ஞானம் உள்ளவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? நின்று யோசித்திருப்பார். இவரோ கேட்டவரையே மடக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு வழக்கு, கைது எல்லாம் வந்தது. ஆனால் அந்த மனிதர் யார் என்பது, ஆசிரியர் கேள்வி கேட்ட அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு.

இன்னும் முன்னாடி போவோம். விராலிமலைப் பக்கம் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா. விபூதி வரவழைத்தார், வாயிலிருந்து லிங்கம் எடுத்தார். படித்தவர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்த பெண்களால் வாய் திறக்க முடியவில்லை. 1994-ல் விஷயம் வெளியே வந்தது. 1997-ல் பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேள்வி கேட்க முடியாத இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்தப் பக்கம் பாருங்கள். பெரியார் ஊர் ஊராகப் பேசினார். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னையே சந்தேகப்படச் சொன்ன தலைவர் அவர்.

வள்ளலாரைப் பாருங்கள். அவர் ஆன்மிகவாதிதான். ஆனால் பசித்து வந்தவனிடம் உன் தலைவிதி என்று சொல்லி அனுப்பவில்லை. 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிச் சோறு போட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஒருவர் நாத்திகர், ஒருவர் அருளாளர். ஆகவே சாமி கும்பிடுகிறாரா இல்லையா என்பதல்ல இங்கே அளவுகோல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் சொன்னபடி செய்து பலிக்கவில்லை என்றால் பழி யார் மேல் விழுகிறது? "உனக்கு நம்பிக்கை பத்தலை, இன்னொரு வகுப்புக்கு வா, இவ்வளவு பணம் கட்டு" என்கிறாரா? ஜெயித்தால் அவர் மகிமை, தோற்றால் உன் குற்றம். அது உபதேசம் இல்லை தம்பி, வியாபாரம்.

ஊக்கம் கொடுக்கிற எல்லாரும் போலி என்று நான் சொல்ல வரவில்லை. பத்தாம் வகுப்பில் தோற்ற பையன் வீட்டுக்கே போய் மறுபடி எழுத வைத்த வாத்தியார் எத்தனை பேர்! அவர்களுக்கு மேடை இல்லை, மாலை இல்லை. அவர்களிடம் எந்தச் சந்தேகமும் கேட்கலாம், முகம் சுளிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தச் சோதனை நமக்கும் உண்டு. கிளைச் செயலாளர் முதல் தலைமை வரை யாருக்கும் விலக்கு கிடையாது. நம்ம ஆளை ஒருத்தர் கேள்வி கேட்டா உடனே "நீ எந்தக் கட்சிக்காரன்?" என்று பாயாதீர்கள். அப்படிப் பாய்ந்தால் நாமும் ஒரு ஆசிரமம்தான் நடத்துகிறோம் என்று அர்த்தம். பதில் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதில் ஒன்றும் குறைந்துபோக மாட்டோம்.

நான் பேசினது போதும். மைக் இப்போ உங்க பக்கம் வருது. என்னை மடக்குற மாதிரி முதல் கேள்வி யார் கேட்கப் போறீங்க?



#கேள்விகேட்போம் #பகுத்தறிவோம்