கையொப்பப் பதிவேடு காட்டாத கணக்கு

(தொழிற்சங்கப் பயிற்றுநர்களுக்கான வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன், சங்கத் தோழர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரு மதிப்பீட்டுத் தாளை மொழிபெயர்த்தேன். பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் தொழிலாளர் நிரப்பித் தரவேண்டிய தாள் அது. பன்னிரண்டு கேள்விகள். பயிற்றுநர் தெளிவாகப் பேசினாரா, அரங்கில் காற்றோட்டம் இருந்ததா, தேநீர் உரிய நேரத்தில் வந்ததா என்ற வரிசையில் அவை சென்றன. தலைப்பில் இருந்த 'எஃபெக்டிவ்னஸ்' என்ற சொல்லுக்குப் 'பயன்திறன்' என்று எழுதினேன். எழுதியதும் ஓர் ஐயம் எழுந்தது: யாருக்குப் பயன்? பன்னிரண்டு கேள்விகளில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை.

பயிற்சியை அளப்பதற்கு மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் சட்டகம், அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் கட்டுரைத் தொடராக முன்வைத்தது. நான்கு படிகள். பயிற்சி பெற்றவருக்கு அது பிடித்திருந்ததா? எதையேனும் கற்றாரா? கற்றதைப் பணியிடத்தில் செய்கிறாரா? அதனால் நிறுவனத்தில் விளைந்தது என்ன? நிர்வாகத்தின் கருவி என்பதற்காக இதனை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தேநீர்க் கேள்வி முதற்படியைச் சேர்ந்தது. நான் கண்ட தாள்களில் பெரும்பாலானவை அந்தப் படியிலேயே அமர்ந்துவிடுகின்றன. நமக்கு வேண்டியது மூன்றாம் படி.

பரீதாபாத், மானேசர் வட்டாரத்து வாகன உதிரிபாகப் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸில் விரல் இழந்தவர்களைத் தில்லித் தோழர்கள் அறிவர். அந்த இயந்திரத்தை இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தி இயக்குவதே பாதுகாப்பு. கைகள் பொத்தானில் இருக்கும்வரை டையின் அடியில் விரல் இருக்க இயலாது. இதைப் பயிற்சியில் சொல்கிறார்கள், தேர்வும் வைக்கிறார்கள், தொழிலாளி சரியான விடையையே குறிக்கிறார். பிறகு தம் இயந்திரத்திற்குத் திரும்புகிறார். அங்கே பொத்தான்களின் இணைப்பைத் துண்டித்துக் கால் பெடலைப் பொருத்தியிருக்கிறார்கள். பெடலில் மணிக்குக் கூடுதல் உருப்படி கிடைக்கும். இலக்கும் அதற்கேற்பவே வைக்கப்பட்டிருக்கும். இரண்டாம் படியில் அவர் முழு மதிப்பெண் பெற்றவர். மூன்றாம் படியில் தவறியது அவரா? கற்றதைச் செய்ய அனுமதிக்காத பணியிடத்தை அளக்காமல் தொழிலாளியை மட்டும் அளந்தால், விரல் போன நாளில் 'பயிற்சி அளித்தோம், கையொப்பம் இருக்கிறது' என்று காட்டத்தான் அந்தப் பதிவேடு உதவும்.

போபாலையும் இவ்வாறே பார்க்கவேண்டும். 1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவுக்கு முந்தைய காலத்தில், யூனியன் கார்பைடு ஆலையில் செலவைக் குறைப்பதற்காக ஆட்கள் குறைக்கப்பட்டனர். பயிற்சிக் காலமும் சுருக்கப்பட்டது. இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. என் தொழில் காரணமாகவோ என்னவோ, இந்த ஒரு விவரம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆயினும் கையேட்டைச் செம்மையான இந்தியில் தந்திருந்தாலும், வாயுக் கலனைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததே! அதைப் படித்தறிந்த தொழிலாளி என்ன செய்திருக்க முடியும்? இதனை விபத்து என்று எழுதும் பழக்கத்தை நான் விட்டு நெடுநாளாயிற்று.

போபாலுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாப்பு பற்றிய தகவலையும் பயிற்சியையும் கோரிப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்றது 111-ஏ பிரிவு. அபாயகரமான ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை அமைக்கவேண்டும் என்றது 41-ஜி. பயிற்சியை அளக்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்போ, குழு அமைக்குமாறு ஆணையிடுவதை அரசின் விருப்பத்திற்கு விட்டிருக்கிறது.

நான்காம் படியில் நிர்வாகம் ஓர் எண்ணைக் காட்டும்: 'விபத்துகள் குறைந்துவிட்டன.' ஒப்பந்தத் தொழிலாளியின் காயத்திற்கு வெளியே தனியார் மருத்துவரிடம் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டால், எண் குறையத்தானே செய்யும்? உண்மையில் நல்ல பயிற்சி நடந்த இடத்தில், நூலிழையில் தப்பிய நிகழ்வுகள் பற்றிய புகார்கள் முதலில் பெருகும். முன்பு தலைவிதி என்று இருந்தவர் இப்போது எழுதித் தருகிறார். எழுதித் தந்தவர் வேலையில் நீடிக்கிறாரா என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

நம் கணக்கு மட்டும் என்ன? இத்தனை வகுப்புகள், இத்தனை பேர், அவர்களில் பெண்கள் இத்தனை பேர் என்று மாநாட்டு அறிக்கைக்கு அனுப்புகிறோம். அவற்றைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தவன் நான். 'வகுப்பு வெற்றிகரமாக நடைபெற்றது' என்ற வாக்கியம் எனக்கு மனப்பாடம். நாமும் முதற்படியைத் தாண்டவில்லை என்பதே என் சுயவிமர்சனம். வகுப்பு நடத்தியவர் மூன்று மாதம் கழித்து அதே தொழிலாளரைத் தேடிச் செல்வது அரிதாகவே நிகழ்கிறது.

செல்லவேண்டும். மேலாளர் அறையில் அல்ல, தேநீர்க் கடையிலோ வீட்டிலோ அமர்ந்து கேட்கவேண்டும்: கற்றவற்றுள் எதைச் செய்தீர்கள்? எதைச் செய்ய முடியவில்லை, யார் தடுத்தார்? அதை எழுத்தில் தந்தீர்களா? உம் அருகில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி அந்த வகுப்பில் இருந்தாரா? இரண்டாம் கேள்வியின் விடைகளைத் தொகுத்தால் அடுத்த கோரிக்கைப் பட்டியலின் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்த முறை கூடும்போது ஒவ்வொரு தோழரும் ஒரு தொழிலாளியின் விடைகளையேனும் எழுதிக் கொண்டுவாருங்கள். இந்தியிலோ மராத்தியிலோ தெலுங்கிலோ, அவர் சொன்ன மொழியிலேயே இருக்கட்டும். மொழிபெயர்ப்புக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.