பால்மரமும் பொதுப்பணமும்



பால்மரம் சீவுகிற வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும்; கத்தி மரக்கட்டையில் பட்டுவிட்டால் மரம் கெடும். விடியற்காலையில் சீவினால் மங்கு நிறையும். இந்த முறையைக் கண்டுபிடிக்கப் பணம் போட்டது யார்? தோட்டத் துரைமார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அது பொதுப்பணம்.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். ஆயிரம் விதைக்கு 10 பவுன் என்று விலை கொடுத்தது, லண்டனில் இருந்த இந்தியா அலுவலகம். அதன் செலவு இந்தியாவில் வசூலான வரியிலிருந்து போயிற்று. தஞ்சாவூரிலும் சேலத்திலும் நிலவரி கட்டிய குடியானவனின் காசும் அதிலே இருந்தது. அவனுடைய பேரப்பிள்ளைகளே பின்னர் கப்பலேறி வந்து அந்த மரத்தைச் சீவினார்கள்!

அவ்விதைகளில் நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. 1877-இல் கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம்மவர் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டத்திற்கு 1888-இல் ரிட்லி என்பவர் பொறுப்பேற்றார். சம்பளம் கொடுத்தது அரசாங்கம். கோடரியால் கொத்திப் பால் எடுத்த காலம் அது. முதல் நாள் வெட்டிய இடத்திலேயே மறுபடியும் மெல்லச் சீவினால் பால் கூடுகிறது, பட்டையும் திரும்ப வளர்கிறது என்று அவர் சோதித்துக் காட்டினார். காப்பி பயிரிட்டவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பைத்தியக்கார ரிட்லி'. கடைசியில் 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் ரப்பர்த் தோட்டம் போட்டார். கன்று வந்து 19 ஆண்டுகள்! எந்த வியாபாரி அத்தனை காலம் காத்திருப்பார்?

பிறகு 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திற்குச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர்மீது ஒரு தீர்வை விதித்து, அதைக் கொண்டு கழகத்தை நடத்தினார்கள். உங்கள் பாட்டி எடுத்த பாலிலும் ஒட்டுப்பாலிலும் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போயிற்று என்று பொருள். அக்கழகம் உண்டாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற மர வகைகள், பழைய விதைமரங்களைவிட இருமடங்குக்கும் மேல் பால் தந்தன. சீவியவர் கூலி இருமடங்காயிற்றா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இன்று இந்த ஏற்பாடு மிகப் பெரிதாகிவிட்டது. சிங்கப்பூர் அரசு 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சிக்கு 2,500 கோடி வெள்ளி என்று திட்டமிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் 2027 வரை 'ஹொரைசன் ஐரோப்பா' திட்டத்திற்கு ஒதுக்கியது 9,000 கோடி யூரோவுக்கும் மேல். பொதுவாக, பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து விண்ணப்பிக்கவேண்டும். வெளி நிபுணர்கள் படித்து மதிப்பெண் இடுவார்கள்.

இதிலே நம் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. மேரி கியூரி பெயரிலுள்ள முனைவர் பயிற்சி இடங்களுக்கு எந்நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. சேரப்போகும் நாட்டில் முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்குமேல் தங்கி வேலையோ படிப்போ செய்திருக்கக் கூடாது. சேர்ந்தால் மாதச் சம்பளம் உண்டு. அறிவிப்புகள் 'யூராக்சஸ்' என்னும் ஐரோப்பிய இணையத்தளத்தில் வருகின்றன. விண்ணப்பத்தை அந்தந்தப் பல்கலைக்கழகத்திற்கே நேராக அனுப்பவேண்டும். இடைத்தரகருக்கு இதில் வேலையில்லை.