வேலையும் வேண்டும், கடதாசியும் வேண்டும்
(யாழ்ப்பாணத்தில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1950இல் தொடங்கியது. 1990இல் யுத்தத்தால் நின்றது. நிரந்தரச் சம்பளம் தந்த பெரிய இடமொன்று குடாநாட்டுக்கு இல்லாமற் போனது. இன்று இளையோர் பலருக்குக் கிடைப்பது கடை வேலை, மேசன் வேலை, நாட்கூலி. மலையகத்திலிருந்து கடைகளுக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கும் அதே நிலைதான்.

ஆகவே வேலை எடுத்துக் கொடுப்பதோடு நம் கடமை முடியாது. இரண்டு கடதாசிகள் வேண்டும்.

ஒன்று, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். மேசன் வேலையோ வயரிங்கோ கைப்பழக்கத்தில் கற்றவர், வகுப்புக்குப் போகாமலே, திறமையைச் செய்துகாட்டி இதைப் பெறலாம்.

மற்றது, நியமனக் கடிதம். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். தற்காலிக வேலையென்றாலும் முதல் நாளிலிருந்தே இது உரித்து. என்றைக்குச் சேர்ந்தோம் என்பதைக் காட்ட அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

“முதலில் பழகட்டும், பிறகு பார்ப்போம்” என்பார்கள். தனியே கேட்டால் வேலை போய்விடுமென்ற பயம் நியாயமானது. அதனால்தான் சேர்ந்து கேட்கச் சொல்கிறோம். சங்கத்தில் பெயரைப் பதியுங்கள். தொழில் திணைக்களத்துக்கு நாங்களும் கூட வருவோம்.