கதை சொல்லும் திறனை அளப்பது எங்ஙனம்?



பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறது. அப்பிள்ளை அறிவுத்திறன் குறைபாடு உடையதாயின், அதன் பேச்சாற்றலை எம்மொழியில், எவ்வாறு அளப்பது என்னும் வினா எழுகிறது. பேச்சாற்றலுள் தலையாயது கதை சொல்லும் திறன். அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கதை என்றவுடன் பாட்டி சொல்லும் கதையை மட்டும் கருத வேண்டா. வலி எப்போது தொடங்கியது என்று மருத்துவரிடம் கூறுவதும், வழியில் ஒருவன் தகாத முறையில் நடந்ததை அன்னையிடம் கூறுவதும் கதையே. நடந்ததை வரிசையாகச் சொல்ல இயலாதவருக்கு நீதி எட்டுவது அரிது. பாலியல் குற்றங்களினின்று சிறாரைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாடுடைய சிறாரின் வாக்குமூலத்தைப் பதியும்போது, சிறப்பாசிரியரையோ அச்சிறாரின் பேச்சு முறையை அறிந்தவரையோ துணைக்கு அழைக்க இடமளிக்கிறது.

இத்திறனை அளக்க, சொற்களே இல்லாத படக்கதை நூலைக் கொடுத்துக் கதை சொல்லச் செய்வது பல நாடுகளில் கையாளும் முறை. அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969-இல் வெளியிட்ட நூலொன்று இதற்குப் பெயர் பெற்றது. அதில், சாடியிலிருந்து தவளை தப்பிவிடுகிறது. சிறுவனும் நாயும் தேடிச் செல்கின்றனர். வாக்கியங்கள் எத்துணை நீளம், இலக்கணம் செம்மையா என்பது ஓர் அளவு. தவளை காணாமற் போனதும், தேடியதும், கிடைத்ததும் கதையில் இடம்பெற்றனவா என்பது வேறோர் அளவு.

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது. டவுன் சிண்ட்ரோம் உடைய இளைஞரிடம் இந்நூலைக் கொடுத்துக் கதை கேட்ட அமெரிக்க ஆய்வாளர் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அவ்விளைஞரின் வாக்கியங்கள் குறுகியவை. ஆயினும், அதே நீளத்தில் பேசும் சிறு பிள்ளைகளைவிடக் கதையின் பொருளை அவர்கள் மிகுதியாக எடுத்துரைத்தனர். வாக்கியத்தை மட்டும் எண்ணியிருந்தால் அவ்வறிவு கண்ணுக்குப் புலப்பட்டிராது.

தமிழுக்கு மற்றொரு நுட்பமும் உண்டு. "எழுந்து, பார்த்து, தேடிப் போனான்" என்று ஓர் இளைஞன் சொல்வதாகக் கொள்வோம். இதில் எழுவாய் இல்லை. ஆங்கிலக் கணக்கில் அது குறை. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் குறையன்று. செயல்களை அடுத்தடுத்துக் கோத்ததோ பாராட்டத்தக்க திறன். வினாக்களை மொழிபெயர்ப்பதிலும் விழிப்பு வேண்டும். "அவனது மனநிலை யாது?" என்றால் பிள்ளை விழிக்கும், "அவனுக்கு எப்படி இருக்கும்?" என்றால் விடை வரும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மனோர் இதை நன்கறிவோம்.

ஆதலின், ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் போன்ற நிலையங்களுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், வீட்டில் வழங்கும் மொழியை முதலிலேயே தெரிவித்தல் நலம். பிள்ளையின் தமிழை அறிந்த ஒருவர் உடனிருக்க இயலுமா என்று கேட்கலாம். கதையின் பொருளுக்கும் இலக்கணத்துக்கும் தனித்தனி மதிப்பீடு கோரலாம். வீட்டிலோ, பிள்ளை தயங்கும்போது நாமே கதையை முடித்துவிடாமல், "அப்புறம்?" என்று கேட்டுப் பொறுத்திருப்போம். தனக்கு நேர்ந்ததைத் தன் வாயால் சொல்லத் தெரிவது அப்பிள்ளைக்கு ஒரு காவல்.