கூரையில் விளையும் கரண்டுக்கும் கணக்கு வேணும்!

(கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



நெல்லை எடை போடுற தராசு சரியில்லைன்னா நாம சும்மா விடுறதில்லை. இன்னிக்கு நம்ம வீட்டுக் கூரையிலும் ஒரு விளைச்சல் இருக்கு. மின்சாரம். அதை அளக்கிற மீட்டரைப் பற்றித்தான் பேச வந்திருக்கேன்.

என் வீட்டு மாடியில் 540 வாட் சோலார் தகடு இரண்டு, சின்ன இன்வெர்ட்டர் ஒன்று. தென்னை நிழல் விழாத இடம் பார்த்து, தெற்கு நோக்கி லேசான சரிவாக, இரும்புச் சட்டத்தை நானும் மகனுமே பூட்டினோம். நல்ல வெயிலில் நாளைக்கு சுமார் 4 யூனிட் கிடைக்கும்.

ஒயரில் மட்டும் நாங்க கை வைக்கலை. சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை தகட்டில் கரண்ட் இருக்கும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் இணைத்து, எர்த் போட்டார்.

"கரண்ட் போனா இது எரியுமா?"ன்னு கேட்கிறாங்க. எரியாது. பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் நின்றதும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிர் போகும். அவரும் நம்ம ஊர்ப் பிள்ளைதானே! அனுமதி வாங்காம பிளக்கில் சொருகிக்கலாம்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. அதோடு, பல மின்னணு மீட்டர்கள் நாம வெளியே அனுப்புகிற யூனிட்டையும் செலவாகவே எழுதும். கொடுத்ததற்கும் நாமே காசு கட்டணும்!

வரவு, செலவு இரண்டையும் எழுதும் இருவழி மீட்டருக்காக நான் நான்கு மாதம் நடந்தேன். அதுவரை சுவிட்ச் போடவில்லை. விளைச்சல் அத்தனையும் வீண். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில், 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை, 15 நாளில் இயக்கித் தரணும் என்று இருக்கிறது. காகிதத்தில் இருக்கு, கூரைக்கு வரலை.

அதே 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். பதிவு பெற்ற நிறுவனம் மாட்டினால்தான் கிடைக்கும். நாமே பூட்டினால் ஒரு பைசா கிடையாது.

1990-ல் பம்புசெட்டுக்கு வந்த இலவச மின்சாரம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. பல ஆண்டு போராடி வாங்கியது. இதையும் கேட்டுத்தான் வாங்கணும்.

15 நாளில் இருவழி மீட்டர் கொடு!
ஊர் ஒயர்மேன் இணைத்து, பாதுகாப்பு ஆய்வில் தேறிய அமைப்புக்கும் மானியம் கொடு!

வரும் புதன் காலை 10 மணிக்கு, மின் அலுவலகம் முன்பு. விண்ணப்ப ரசீதோடு குடும்பமாக வாங்க!